டேங்க் வழியுது

புகழைப் பற்றிய அந்தப் பாட்டை டெரன்ஸின் ராக் குழு அவன் வீட்டு மாடியறையில் பதிவு செய்தது. "உலகமே என் பேரைச் சொல்லும்" என்று அவன் பாடி நிறுத்திய இடத்தில், கீழேயிருந்து அம்மாவின் குரலும் பதிவாகிவிட்டது: "டேய் டெரன்ஸு, டேங்க் வழியுது, மோட்டரை நிறுத்துடா."

"மானம் போகும், வெட்டிடு" என்றான் டெரன்ஸ்.

"உலகம் சொல்லும்னு பாடுன. அம்மா ஒடனே சொல்லிட்டாங்க. இருக்கட்டும் மாப்ள" என்றான் டிரம்மர்.

பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. இன்று டெரன்ஸ் அந்த இடத்தில் நிறுத்தியதும் மைதானமே அம்மாவின் வரியைக் கத்தியது. முதன்முறையாகக் கச்சேரிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் கத்தவில்லை. அவன் இறங்கிப்போய் மைக்கை நீட்டினான். கூட்டம் அடங்கியது.

"கெளம்புறப்ப நிறுத்துனியாடா?" என்றாள்.

டெரன்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். டிரம்மர்தான் முதலில் சிரித்தான்.