மூடாத ஜிப்

பனிக்கடலுக்குப் புறப்படும் முன், கடலில் விழுந்தாலும் உயிர்காக்கும் குளிர்காப்பு உடை இருபத்திரண்டையும் சோதித்ததாகக் கையெழுத்திட்டவர் பாதுகாப்பு ஆலோசகர் பெர்க்மான்ஸ். பிரித்துப் பார்த்தது என்னவோ இரண்டைத்தான். எட்டாம் நாள் பனிப்பாறை உரசிக் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தது. எல்லோரும் அவசரமாக உடை மாட்டினார்கள். சமையல்காரர் லூர்தய்யாவின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது.

"நாந்தான் பெருத்துட்டேன் போல, சார். நீங்க பாத்ததுல குறை இருக்காதுல்லா" என்றார் அவர்.

பெர்க்மான்ஸ் தன் உடையைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டு, ஜிப் மூடாததைத் தான் போட்டுக்கொண்டார்.

கப்பல் தப்பித்தது. கரை சேர்ந்ததும் லூர்தய்யா மனைவிக்கு போன் போட்டு, "தன் உயிரையே குடுக்க வந்த மனுசன்டி" என்று அழுதார். பிறகு போனை பெர்க்மான்ஸின் காதில் வைத்தார். அந்தப் பெண் விம்மி விம்மி நன்றி சொன்னாள்.

"பரவால்லம்மா" என்றார் பெர்க்மான்ஸ்.