பதினொன்றரையில் நிற்க வேண்டும்

"மறுபடியும் கழட்டோணும்" என்றார் காளியண்ணன்.

அறிவு கிட்டே வந்தான். "ஏனுங்க, நேத்துத்தானே மாட்டுனீங்க?"

"மாட்டுனேன். பத்தலீங்க."

நாமக்கல்லில், திருச்செங்கோடு சாலையில் இருந்தது காளியண்ணனின் பட்டறை. முப்பது வருடமாக லாரிகளின் டீசல் பம்ப்தான் அவருக்கு வேலை. பெட்ரோல் காரைத் தொடமாட்டார். முந்தாநாள் அறிவு இந்த வெள்ளைக் காரோடு வந்து, "பம்ப் வேலைன்னா நீங்கதான்னு சொன்னாங்க" என்றபோது அவனையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, "உள்ள உடுங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

காரில் சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தது.

"போர் போடற ரிக் வண்டி கம்ப்ரஸராட்டம் காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது" என்றார். "தள்ளட்டும். காத்துக்குத் தக்கன பெட்ரோல் போவோணுமில்லீங்க? நூத்தம்பதுல போறப்ப பெட்ரோல் கொறஞ்சா பிஸ்டன் உருகிரும். இன்ஜின் புடிச்சு நின்னுக்கும். வண்டி நிக்காது. உருளும்."

"அதுக்குத்தானுங்களே பெரிய பம்ப் வாங்கியாந்தேன். இன்ஜெக்டரும் மாத்தியாச்சு. லேப்டாப்புல பெட்ரோல் அளவும் மாத்தியாச்சு."

"பம்ப் பெருசு. அதுக்குக் கரண்ட் போற வயரு பழசு. நூலாட்டம் இருக்குது. வேகம் ஏற ஏற பம்ப் சோந்து போவுதுங்க."

அவரும் சோர்ந்துதான் இருந்தார். பின்சீட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்தவர், நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

முட்டை லாரி டிரைவர் சின்னண்ணன் வாசலில் நின்றிருந்தான். அவனுடைய பம்ப் காலையிலிருந்து மேசைமேல் பிரித்தபடி கிடந்தது.

"நம்மளையெல்லாம் வாடா போடாங்கறது. காருக்காரருக்கு மட்டும் வாங்க போங்க. பெட்ரோல் வாசத்துக்கு அத்தனை மரியாதையாக்கும்?"

"உன்றது நாளைக்கு. போயி டீயைக் குடி, போடா."

"லாரியில ஒரு லட்சம் முட்டை நிக்குதுங்ண்ணா. குஞ்சு பொரிச்சுரும்."

"பொரிச்சா கோழியா வித்துக்கோ."

சின்னண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போனான். அறிவு தயங்கினான்.

"ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல பந்தயமுங்க. இன்னிக்கே வெள்ளி. இப்படியே விட்ருங்களேன். தர்ஷன்னு ஒரு பையன்தான் ஓட்டறான். கடைசி வேகத்துக்குப் போவாதேன்னு சொல்லிக்கறேன்."

காளியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "சொன்னாக் கேக்குமா?"



"கேக்காது" என்று அவரே சொல்லிவிட்டு, பேட்டரியிலிருந்து புது வயரை இழுக்க ஆரம்பித்தார்.

போன் அடித்தது. அவருடைய மனைவி முத்தாயம்மாள். பட்டறை முழுக்கக் கேட்கும் குரல்.

"சோறு ஆறிப்போச்சு. மூணு நாளா ஊட்டுக்கு வராம அப்படி என்ன வேலை?"

"காரு."

"யாரு காரு?"

"யாரோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு வேலை முடிந்தது. சேலம் பைபாஸுக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஓட்டுநர் சீட் மிகவும் முன்னால் தள்ளியிருந்தது. காளியண்ணனின் முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடித்தன.

"சீட்டைப் பின்னாடி தள்ளிக்குங்க."

"இருக்கட்டும். நீங்க மீட்டரைப் பாருங்க. ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காத்து பதினொன்னரைப் பங்குல நிக்கோணும். பதிமூணு தாண்டுனா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். சத்தம் போடுங்க."

நேற்று பதிமூன்றைத் தாண்டியிருந்தது.

புதுச்சத்திரம் தாண்டிச் சாலை காலியானது. காளியண்ணன் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தார். சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது. புளியமரங்கள் பின்னால் பறந்தன. அறிவு கதவைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படித்தான்.

"பதினொன்னு... பதினொன்னரை... பதினொன்னரை..."

இன்ஜின் உச்சத்தைத் தொட்டது.

"பதினொன்னரை! நிக்குதுங்க!"

காளியண்ணன் காலை எடுத்தார். மெதுவாகத் திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடியும் மிதித்தார். மூன்றாவது முறையும்.

"போதுங்களே. அதான் நிக்குதே."

"இன்னொருக்கா."

நான்காவது முறையும் பதினொன்றரைதான். அதற்குப் பிறகுதான் பெருமூச்சு விட்டார்.

பட்டறைக்கு வந்ததும் ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். பெட்ரோல் கசிகிறதா என்று குழாயின் அடியில் காகிதத்தை வைத்துப் பார்த்தார். காகிதம் காய்ந்தே இருந்தது. சாவியை அறிவின் கையில் கொடுத்தார்.

"மீட்டர் ஏறுச்சுன்னா காலை எடுத்தரோணும். பந்தயம் போனாப் போவுதுன்னு சொல்லுங்க."

"சொல்றனுங்க. தர்ஷன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிடறனுங்க."

காளியண்ணன் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருசமாச்சு, புள்ள குரலைக் கேட்டு" என்றார். "ஓட்டி முடிச்சதும் பிரீத்திய அவங்கம்மாவுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க, மாப்பிள்ளை."