எங்கள் வீட்டுக் காளான் பொடி

மருமகள் பேச எழுந்ததும், முதல் வரிசையில் இருந்த பெரியவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாய்ந்து உட்காரும் பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது.

மூட்டு வலிக்கு அவர் குடும்பம் விற்கும் காளான் பொடிக்கு மூன்று தலைமுறைப் பெயர். அந்தப் பெயரில் கை வைத்தவள், டாக்டருக்குப் படித்த இதே மருமகள்தான்.

"எல்லாம் நம்பிக்கைதான் மாமா. மாவைக் கொடுத்தாக்கூட பொடி வாங்க வர்றவங்களுக்கு வலி குறையும்."

ஒருநாள் வீட்டில் எல்லார் முன்னாலும் இப்படிச் சொன்னாள். பெரியவர் அசரவில்லை. சோதித்துப் பார்த்துவிடு என்று சொல்லிவிட்டார்.

ஆண்டுக்கணக்கில் மூட்டு வலியோடு கிடப்பவர்களை அவள் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதிக்குப் பொடி அடைத்த கேப்சூல். மறு பாதிக்குப் பார்வைக்கு அச்சு அசல் அதே போல, உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது போகிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற நர்சுக்கும் தெரியாது.

பொடியில் வெளியார் கை படக்கூடாது என்பது வீட்டு வழக்கம். அதனால் இரண்டு வகையையும் பெரியவரே பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடைத்துக் கொடுத்தார்.

இன்று முடிவு சொல்லும் நாள். அரங்கம் நிறைய டாக்டர்கள்.

மருமகள் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். இரண்டு தரப்புக்கும் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது என்றாள். ஆனால் பொடி சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை. பொடிக்கென்று தனியாக ஒரு குணம் இருப்பதாகச் சொல்வதற்கில்லை.

"அப்போ மூணு தலைமுறையா மாவைத்தான் வித்திருக்காங்க!" பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

பக்கத்தில் இருந்த மகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

பெரியவரின் முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போனது.

மேடையை விட்டு இறங்கி வந்த மருமகள், கண் கலங்க மைக்கை அவரிடம் நீட்டினாள். "மன்னிச்சுடுங்க மாமா. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அரங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"மன்னிப்பு எதுக்கும்மா? ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் வலி குறைஞ்சிருக்கே! வலின்னு வந்தவங்களுக்கு நம்ம வீட்டுலேருந்து வெறும் மாவு போகுமா? ரெண்டுலயும் நம்ம பொடியைத்தான் அடைச்சேன்."

சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.