பாதுகாப்புப் பெட்டி

சீனாவின் ஷென்ஜெனில், மின்னணு போர்டை எழுப்பிவிட யூபிங் எழுதிய பூட்லோடர் நிரலில் ஒரே கோளாறு. பிழை தேடும் டீபக்கர் பெட்டியை மாட்டினால் போர்டு சமர்த்தாக எழுந்துகொள்ளும், கழற்றினால் பிணம்.

ஆர்டர் கொடுக்கவிருந்த கம்பெனியின் இன்ஜினியர் சியாவ் வாசலுக்கே வந்துவிட்டார்.

“கழட்டித் தொலைச்சிடாதே, ரெண்டு பேர் வேலையும் போயிடும்!” என்று பதறினார் மேலாளர் கூ.

சியாவ் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “இது என்ன?”

“பாதுகாப்புக் கருவி சார். திருட்டுப்பய எவனும் உள்ள நுழைய முடியாது,” என்று யூபிங் கூசாமல் அளந்தாள்.

கூ டீ எடுத்துவரப் போனதும் சியாவ் கதவைச் சாத்தினார். யூபிங் பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“தங்கச்சி, எங்க கம்பெனியில நான் செஞ்ச போர்டும் இதே மாதிரி பெட்டியை மாட்டினாத்தான் எழுந்திருக்குது. நாளைக்கு எங்க முதலாளி பார்க்க வர்றாரு,” என்று கிசுகிசுத்தார் அவர். “இப்பச் சொன்னியே, அதை அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடும்மா.”