பூக்கடை ஸ்டாப்

“இன்னிக்கும் பூ பேரமா?”

பஸ்ஸில் ஏறியதும் அபிநயா கேட்ட முதல் கேள்வி அதுதான். பக்கத்து சீட் கோகுல்ராஜ் சிரித்தான்.

“ஆமாங்க மேடம். போன ஸ்டாப்புல ஜன்னல்ல தலைய நீட்டி, ‘மொழம் என்ன வெல? இதென்ன இத்துனூண்டு அளக்கற?’ன்னு ஒரே வாக்குவாதம். டிரைவர் இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டாரு.”

முன்சீட்டில் பேராசிரியர் சாரதாமணி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தலையில் ஒரு மொட்டுக்கூட இல்லை.

அபிநயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேலத்திலிருந்து ஊழியர்களுக்காகப் பல்கலைக்கழகம் விடுகிற பஸ் இது. ஒரு அம்மா பூ வாங்குவதற்காக விடுகிற பஸ் இல்லை. சீனியர் என்றால் தனி அறை, ஏ.சி., கார் நிறுத்த நிழல், பஸ்ஸில் முன்சீட். அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் நேரத்தையுமா அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது?

“இதே நான் ஒரு நிமிஷம் லேட்டா வந்தா நிக்குமா இந்த பஸ்?”

“எங்கீங்க நிக்கும்? நீங்க சேர்ந்த புதுசுல விட்டுட்டுப் போகலையா?”

அதை அவள் எப்படி மறப்பாள்? கணவனுக்கு பெங்களூரில் வேலை. நாலு வயது மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது. பஸ் மாறிப் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது முதல் வகுப்பே முடிந்திருந்தது. “இன்னொரு தடவை இப்படி ஆனா பணி நிரந்தரத்தை மறந்துடுங்க” என்றார் துறைத்தலைவர். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். அப்போதாவது இந்த சாரதாமணி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “எந்த ஸ்கூலு? வேனு எப்ப வருது?” என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்துவிட்டு எழுந்து போனார். கல் நெஞ்சுக்காரி!

நல்லவேளை, அதற்கப்புறம் ஒரு நாளும் பஸ் தவறவில்லை.

அன்று பூ பேரத்தால் தாமதமாகி, வளாகத்தில் இறங்கியதும் விரல் ரேகை வைக்க எல்லாரும் தலைதெறிக்க ஓட வேண்டியிருந்தது. வாசலில் நின்ற பதிவாளர் முறைத்தார். சாரதாமணி மட்டும் நிதானமாக நடந்து வந்தார்.

அபிநயா பொறுத்தது போதும் என்று முடிவு செய்தாள். மதியமே புகார் எழுதினாள். ஒருவரின் பூ ஆசைக்காக முப்பது பேர் தினமும் காத்திருப்பது என்ன நியாயம் என்று காரமாகவே கேட்டிருந்தாள்.

“பெரிய எடமுங்க மேடம். பாத்து” என்றான் கோகுல்ராஜ்.

“இருக்கட்டுமே. நியாயம் கேட்க எனக்கென்ன பயம்?” என்றாள். பெயர் மட்டும் போடவில்லை.

புகாருக்குப் பலன் கிடைத்தது. ஆள் ஏறி இறங்குவதற்கு மேல் எந்த ஸ்டாப்பிலும் பஸ் நிற்கக் கூடாது என்று திங்கட்கிழமை முதல் உத்தரவு.

திங்கட்கிழமை காலை மகளை வேனில் ஏற்றி, கையசைத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்தாள் அபிநயா. பஸ்ஸைக் காணோம். வந்து போயே விட்டது என்றார் எதிர்க்கடைக்காரர்.

துறைத்தலைவரின் முகம் கண்முன்னால் வந்தது. கூடவே டிரைவர் மேல் ஆத்திரமும் வந்தது. ஒரு நிமிஷம் நின்றால் குடியா முழுகிவிடும்?

பல்கலைக்கழகம் போக ஏற வேண்டிய சங்ககிரி பஸ் முந்தின பூக்கடை ஸ்டாப்பில்தான் நிற்கும். வேர்க்க விறுவிறுக்க அங்கே நடந்தாள். பூக்காரி கந்தம்மாள் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அபிநயாவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

“ஏஞ்சாமி, யூனிவர்சிட்டி பஸ்ஸ உட்டுட்டீங்களா?”

“ஆமா. உங்களுக்கும் நஷ்டந்தான். தினமும் பேரம் பேசி வாங்கற மேடம் இனி வாங்க மாட்டாங்க” என்றாள் அபிநயா எரிச்சலோடு.

கந்தம்மாள் சிரித்தாள்.

“அந்தம்மாளா? ஒரு நாளும் ஒரு மொழம் வாங்குனதில்லீங்க. சும்மா பேரந்தான். எதுக்கால மஞ்ச வேனு ஒண்ணு வரும். அது தாண்டுனதும், ‘நாளைக்குப் பாக்கறேன் கந்தம்மா’ன்னு தலைய உள்ள இழுத்துக்கும்.”

பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அபிநயா திரும்பினாள்.

“மஞ்ச வேனா?”

“அடுத்த ஸ்டாப்புல ஒரு புள்ள ஏறுதாமா. கொழந்தைய அந்த வேன்ல ஏத்தி உட்டுப்போட்டுத்தான் பஸ்ஸுக்கு வரோணுமாமா. ‘அவளுக்காக பஸ்ஸு நின்னா ஆளாளுக்குப் பேசுவாங்க கந்தம்மா, எனக்காக நின்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்’னு சொல்லும்.”

கந்தம்மாள் தெளித்த கையை உதறினாள். முகம் கடுகடுத்தது.

“அது பொறுக்காம எந்த மகராசியோ மனு எழுதிப் போட்டுட்டாளாமா. ஏனுங்க சாமி, அவளுக்கெல்லாம் புள்ளகுட்டியே இருக்காதுங்களா?”