சீசரின் பந்து

இரண்டு நாள் லீவுக்கு எண்ணூர் கடலோரத்தில் வீடு பிடித்து, குடும்பத்தோடு நாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் அன்பரசன். வந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அலையைக் கண்டால் துள்ளும் என்று நினைத்த சீசர், மணலில் இருந்த இளமாறனின் தோள்பைக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சங்கிலியைப் பிடித்து இழுத்து வந்தார். விட்டதும் திரும்பிப் போய் அங்கேயே உட்கார்ந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே.

"எம் மேல பாசம், மாமா," என்று சிரித்தான் இளமாறன். அடுத்த மாதம் அவர் மகள் மகிழினியைக் கட்டப்போகிறவன்.

"வாயில்லா ஜீவனுக்குத் தெரியும், யாரு நல்லவன்னு," என்றாள் மனைவி ரமாபாய். "நீ இன்னாத்துக்குய்யா பேஜாராயிகினு கீற? பந்தப் போடேன். அது உன் கையவே பாத்துகினு கீது."

அன்பரசன் பந்தை இறுக்கிப் பிடித்தார்.

எட்டு வருஷம் துறைமுகத்தில் அவரோடு டூட்டி பார்த்து ஓய்வு பெற்ற நாய் அது. கஞ்சா வாசனை வந்தால் குரைக்காது. பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். கண்டுபிடித்ததற்குப் பரிசு, அந்தப் பந்து.

சீசரிடம் பந்தைப் போட்டார்.

"மாப்ள, பையத் தொற."