குரோம்பேட்டை சிக்னல்

குரோம்பேட்டை சிக்னலில் வண்டி நின்று நெடுநேரம் ஆகிவிட்டது. சத்யநாராயணன் ஸ்டியரிங்கின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு, முன்னால் நின்ற தண்ணீர் லாரியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் காதைக் கிழிக்கிற ஹாரன் சத்தம்.

"சார்..." என்றாள் ஸ்ம்ருதி.

"கொஞ்ச நேரம் பேசாம இரும்மா."

அவர் உட்கார்ந்திருந்தது காரில் இல்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கம். பெரிய திரைக்கு முன்னால் ஸ்டியரிங்கும் பெடலும் பொருத்திய நாற்காலி. உள்ளூர் இளைஞர்கள் தாங்களே செய்த கார் ரேஸ் கேம்களுக்கான போட்டி அது. அவர்தான் நடுவர்.

யூடியூபில் கேம்களைப் பிரித்து மேய்கிறவர் சத்யநாராயணன். 'நிஜம் மாதிரி இருக்கா? கொடுத்த காசுக்குத் தகுமா?' என்ற இரண்டே கேள்விகளை வைத்துக்கொண்டு பெரிய பெரிய கம்பெனிகளின் மானத்தை வாங்கியவர். அவரிடம் பத்துக்கு ஐந்து வாங்கினாலே வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி.

இன்று அவருக்கு எல்லாமே அலுத்திருந்தது. காலையிலிருந்து வந்த கேம் எல்லாம் ஒரே அச்சு. அழுத்தினால் பறக்கிறது, சுவரில் மோதினால் ஒரு கீறல்கூட விழுவதில்லை. ஒருவன் வேளச்சேரி ரோட்டையே கொண்டுவந்திருந்தான், ஒரு பள்ளம்கூட இல்லாமல்.

"இது எந்த ஊர் வேளச்சேரி தம்பி?" என்று கேட்டு மூன்று மார்க் போட்டு அனுப்பினார். இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று இருந்தது.

கடைசியாக வந்தவள் ஸ்ம்ருதி. கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, ராப்பகலாக உட்கார்ந்து இதைச் செய்தவள்.

"பல்லாவரத்துலேர்ந்து தாம்பரம் வரைக்கும் ரேஸ் சார். முதல் பரிசு வந்தாதான் என்னால இதைத் தொடர முடியும். இல்லன்னா திங்கட்கிழமை பழைய ஆபீஸ்லயே சேர்ந்துடறேன்னு அப்பாகிட்ட ஒத்துக்கிட்டேன்" என்று சொல்லித்தான் ஸ்டியரிங்கை அவரிடம் விட்டாள்.

கொஞ்ச தூரம் ஓடியது. குரோம்பேட்டையில் சிவப்பு விழுந்தது, நின்றார். முன்னால் தண்ணீர் லாரி, இடது பக்கம் ஷேர் ஆட்டோ, வலது பக்கம் பஸ். பஸ் கூரையில் ஒரு காக்கை, பறக்கப் போவதுபோல் இறக்கையை விரித்தபடி.

ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்தார். நகரவில்லை. லாரி நிற்கும்போது எப்படி நகரும்? இடது பக்கம் ஒடித்தார். ஷேர் ஆட்டோ இருக்கும்போது எப்படித் திரும்பும்? ஹாரனை அடித்தார். அந்த இரைச்சலில் தன் ஹாரன் தன் காதுக்கே கேட்கவில்லை. அது என்றைக்குத்தான் கேட்டிருக்கிறது!

காக்கை விரித்த இறக்கையை மடக்கவில்லை. அதற்கும் அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்ம்ருதியின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கை மெல்ல கீபோர்டு பக்கம் போனது.

"சார், ஒரே ஒரு நிமிஷம்..."

"தொடாதே! நடுவர் நானா, நீயா?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பாவம், பயப்படுகிறாள் என்று அவருக்கு இரக்கமாக இருந்தது.

கழுத்து வலித்தது. இடுப்பு வலித்தது. அஸ்தினாபுரத்து வீட்டுக்குத் தினமும் இந்தச் சிக்னலைத் தாண்டித்தான் அவர் போகவேண்டும்; பாதி ஆயுள் இங்கேயே போயிருக்கிறது. கை தானாகவே போனை எடுத்தது.

"சரளா, குரோம்பேட்டை சிக்னல்லதான் நிக்கறேன். இப்போதைக்கு நகராது. நீ சாப்பிட்டுடு."

"காலேஜ்ல இருக்கேன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். அரங்கம், திரை, நாற்காலி. மெல்ல எழுந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கேமை நான் பார்த்ததில்லம்மா. எல்லாரும் வேகத்தைக் காட்டுவாங்க. நீதான் ரோட்டைக் காட்டியிருக்கே. இடது பக்கம் சந்து இல்ல, வலது பக்கம் சந்து இல்ல, அடிக்கற ஹாரன் நம்ம காதுல விழல! என் பொண்டாட்டிக்கே போன் பண்ண வச்சுட்டியே!"

வாழ்நாளில் யாருக்கும் போடாத பத்துக்குப் பத்தைப் போட்டார். அரங்கில் இருந்தவர்கள் எல்லாம் அதே ரோட்டில் வந்து போகிறவர்கள்தான், கைதட்டல் ஓயவில்லை. பரிசுக் கோப்பையை அவரே எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"முதல் பரிசு உனக்குத்தான். திங்கட்கிழமை ஆபீஸ் கீபீஸ்னு எங்கயும் போகவேண்டாம். அப்பாவுக்கு உடனே போன் பண்ணு."

ஸ்ம்ருதி கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திரையைத் திரும்பிப் பார்த்தாள். லாரி அங்கேயே நின்றது. காக்கையும் அப்படியே இருந்தது.

"நகராத வண்டியை வச்சு ஒரு ரேஸ் கேம்! இப்படி ஒரு யோசனை உனக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்று மைக்கை அவளிடம் நீட்டினார் சத்யநாராயணன்.

அவள் கோப்பையை மெல்ல மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"சார், கேம் ஹேங் ஆயி நிக்குது."